காம்பியாவில் மாறியது ஆட்சி, மாறாதது சட்டப் பிரிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க நாடுகளின் ஊடகச் சுதந்திரத்தைப் பற்றி நம் நாளிதழ்களில் எப்போதாவது வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. சர்வாதிகாரி இருந்தார், பத்திரிகையாளர்கள் சிறைக்குப் போனார்கள். சர்வாதிகாரி போனார், சுதந்திரம் வந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவைப் பற்றி எழுதும்போது இந்தக் கதை ரொம்பவே வசதியாகப் பொருந்திவிடுகிறது. 1994இல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த யாயா ஜாமே 22 ஆண்டு ஆண்டார். 2016 டிசம்பர் தேர்தலில் தோற்று, 2017 ஜனவரியில் எக்குவடோரியல் கினிக்குப் போய்ச் சேர்ந்தார். இடையில் நடந்ததைத் தனிமனிதக் கொடுமையாக மட்டும் பார்த்தால், அந்த நாட்டில் ஒரு பத்திரிகையை எப்படி மூடினார்கள் என்பதே விளங்காது.

முதல் கருவி துப்பாக்கி இல்லை, பிணைப் பத்திரம். காம்பியாவில் நாளிதழ் நடத்த விரும்புகிறவர் உரிமையாளர் யார், எங்கே அச்சாகிறது என்ற விவரங்களைப் பதிவாளரிடம் கொடுத்து, ஒரு தொகைக்குப் பிணையும் எழுதித் தர வேண்டும். ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு இது. 1996 வரை அந்தத் தொகை 1,000 டலாசி (காம்பிய நாணயம்). அந்த ஆண்டு ஓர் ஆணையின் மூலம் ஜாமே அதை 1,00,000 ஆக்கினார். 2004 டிசம்பரில் நாடாளுமன்றம் 5,00,000 ஆக உயர்த்தியது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 17,000 டாலர். சில ஆயிரம் பிரதிகள் விற்கும் ஒரு நாளிதழுக்கு இது வெறும் எண் அல்ல. ரொக்கம் இல்லாதவர் வீட்டை ஈடாகக் காட்ட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு தலையங்கமும் அந்த வீட்டின் மேல்தான் எழுதப்படுகிறது. அவதூறு வழக்கில் தோற்றால் போவது பத்திரிகை மட்டுமல்ல, குடும்பம் இருக்கும் கூரையும்தான். தணிக்கை அதிகாரி என்று ஒருவரை அமர்த்த வேண்டிய தேவையே இல்லை. மனைவி மக்களே அந்த வேலையைச் செய்துவிடுவார்கள். 2004 சட்டம் பழைய பதிவுகளையும் செல்லாமல் ஆக்கியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நாளிதழ்களும் புதுத் தொகைக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. 1910 பத்திரிகைச் சட்டத்தின்படி ஜாமீன் தொகை கட்டச் சொல்லித்தான் இங்கேயும் பல ஏடுகளின் கழுத்தை நெரித்தார்கள். ஒரே சாம்ராஜ்யத்தின் சரக்கு.

இரண்டாவது கருவி ராஜ துரோகம். காம்பியக் குற்றவியல் சட்டத்தின் இந்தப் பிரிவும் நம்முடைய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 'வெறுப்பு', 'அவமதிப்பு', 'அதிருப்தி' என்று அதே சொற்கள். அரசின் மேல் அதிருப்தியைத் தூண்டினாரா என்பதுதான் கேள்வி. எழுதியது உண்மையா என்பது அல்ல. ஆதாரம் கையில் இருக்கும் செய்தியாளருக்கும் அது உதவாது. 2009இல் காம்பியப் பத்திரிகையாளர் சங்கம், கொலையான ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பற்றி ஜாமே பேசியதைக் கண்டித்து அறிக்கை விட்டது. அதற்காக ஆறு பேருக்கு இரண்டிரண்டு ஆண்டு சிறை, அதற்கு மேல் அபராதம். ஒரு மாதத்துக்குள் அதிபர் 'மன்னித்து' வெளியே விட்டார். இந்த மன்னிப்பைத்தான் கவனிக்க வேண்டும். தண்டனை ரத்தாகவில்லை, சட்டம் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்தவர் கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, பொய்ச் செய்திப் பிரிவு. கேட்க நியாயமாக இருப்பதால் மூன்றிலும் ஆபத்தானது இதுதான் என்பது என் கருத்து. பொய் பரப்பினால் தண்டிக்கக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும். சிக்கல் நிரூபிக்கும் பொறுப்பில் இருக்கிறது. செய்தி தவறு என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் போதாது. வெளியிடுமுன் சரிபார்க்க நியாயமான முயற்சி எடுத்தேன் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது? யாரிடம் கேட்டேன், யார் அந்தக் காகிதத்தைக் காட்டினார் என்று சொல்லித்தான். ஆக, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் தகவல் தந்தவரைக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு முறை அப்படி நடந்தால் அதன் பிறகு எந்த அரசு ஊழியர் வாய் திறப்பார்? 2013 ஜூலையில் இதையே இணையத்துக்கும் நீட்டினார்கள்: 15 ஆண்டு வரை சிறை, அல்லது 30 லட்சம் டலாசி அபராதம், அல்லது இரண்டும்.

இவை போதாதபோதுதான் துப்பாக்கி வந்தது. 'தி பாயிண்ட்' நாளிதழின் நிறுவனர்களில் ஒருவரான டெய்டா ஹைதரா, 2004 டிசம்பர் 14 அன்று நிறைவேறிய சட்டங்களை நீதிமன்றத்தில் எதிர்ப்பதாக அறிவித்திருந்தார். இரண்டு நாள் கழித்து, பத்திரிகையின் 13ஆம் ஆண்டு விழா நாளன்று இரவு, ஊழியர்களைத் தன் காரில் வீட்டில் விடப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 'தி இண்டிபெண்டன்ட்' இதழின் அச்சு இயந்திரத்தை அதே ஆண்டு ஏப்ரலில் எரித்தார்கள். அச்சகம் ஒன்றிரண்டே இருக்கும் சிறிய நாட்டில் ஓர் இயந்திரம் எரிந்தால், அடுத்த அச்சக உரிமையாளர் தானாகவே பின்வாங்குவார். 2006 மார்ச்சில் போலீஸ் அந்த அலுவலகத்துக்கே பூட்டுப் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் 'டெய்லி அப்சர்வர்' செய்தியாளர் சீஃப் எப்ரிமா மானேயை அலுவலகத்திலிருந்து கூட்டிப் போனார்கள். அவர் திரும்பவே இல்லை.

உள்ளூர் நீதிமன்றம் கைவிரித்தபோது பத்திரிகையாளர்கள் போன இடம், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸின் நீதிமன்றம். 2005 முதல் தனிமனிதர்களே அங்கே நேரடியாக மனித உரிமை வழக்குப் போடலாம். உள்நாட்டு நீதிமன்றப் படிகளையெல்லாம் ஏறி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இந்த நிபந்தனையைக் கொண்டுவர ஜாமே அரசு 2009இல் முயன்று தோற்றது. நீதிமன்றம் எவ்வளவு உறுத்தியது என்பதற்கு அதுவே அளவு. மானே வழக்கில் 2008இல் 1,00,000 டாலர், காவலில் சித்திரவதைக்கு ஆளான பத்திரிகை ஆசிரியர் மூசா சைதிகானுக்கு 2010இல் 2,00,000 டாலர், ஹைதரா கொலையை ஒழுங்காக விசாரிக்காததற்கு 2014இல் 50,000 டாலர் இழப்பீடு என்று தீர்ப்புகள் வந்தன. தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியது அந்தந்த நாட்டு அரசு. தோற்ற கட்சியே அமீனாவும் என்றால் என்ன நடக்கும்? ஜாமே இருந்தவரை பணம் போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த அரசுதான் கொடுக்கத் தொடங்கியது.

2016 தேர்தலை இங்கே சொல்லாமல் விட முடியாது. வாக்குப்பதிவுக்கு முந்தின இரவே இணையத்தையும் வெளிநாட்டு அழைப்புகளையும் துண்டித்தார்கள். ஆனால் காம்பியாவில் வாக்குச் சீட்டு கிடையாது. வேட்பாளரின் நிறம் பூசிய தகர உருளைக்குள் ஒரு கோலிக்குண்டைப் போட வேண்டும். உள்ளே மணி ஒரு தடவை அடிக்கும். இரண்டு தடவை அடித்தால் கள்ள ஓட்டு என்று வெளியே நிற்பவருக்கும் தெரிந்துவிடும். அந்தத் தேர்தலில் குண்டுகளைக் குழிவைத்த தட்டில் அடுக்கி வாக்குச்சாவடியிலேயே எண்ணினார்கள். நூற்றுக்கணக்கான சாவடிகளில் ஆட்கள் கண் முன்னால் எண்ணி முடித்த கணக்கை, இணையத்தை வெட்டியதால் மாற்றிவிட முடியவில்லை.

இனி ஜாமே போன பிறகு. 2018 பிப்ரவரியில் எக்கோவாஸ் நீதிமன்றம், ராஜ துரோகம், குற்றவியல் அவதூறு, பொய்ச் செய்தி ஆகிய மூன்று சட்டங்களும் கருத்துரிமைக்கு எதிரானவை, நீக்குங்கள் அல்லது திருத்துங்கள் என்றது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மே 9 அன்று காம்பிய உச்ச நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது. குற்றவியல் அவதூறும் இணையப் பொய்ச் செய்திப் பிரிவும் செல்லாது. ராஜ துரோகத்தின் ஒரு பகுதியும் பழைய பொய்ச் செய்திப் பிரிவுகளும் செல்லும். முதல் தீர்ப்பு நாட்டைக் கட்டுப்படுத்துகிறது, இரண்டாவது போலீஸ் நிலையத்தைக் கட்டுப்படுத்துகிறது. கைது செய்ய வரும் காவலர் கையில் இருப்பது இரண்டாவதுதான். 2024 செப்டம்பரில், ஜாமேயைத் தோற்கடித்து வந்த அதிபர் ஆடாமா பாரோ தனக்கு அடுத்தவரைத் தேர்ந்துவிட்டார் என்று எழுதிய 'தி வாய்ஸ்' நாளிதழின் ஆசிரியரையும் செய்தியாளரையும் பிடித்தது பொய்ச் செய்திக் குற்றச்சாட்டில்தான்.

ஊர்வலத்துக்கும் இதே நிலை. போலீஸ் அனுமதி வேண்டும் என்கிற பொது ஒழுங்குச் சட்டத்தின் 5ஆம் பிரிவை மீறியதாகத்தான் 2016இல் எதிர்க்கட்சியினரைப் பிடித்தார்கள். அவர்களில் சோலோ சாண்டெங் காவலில் இறந்தார். ஜாமே போய்விட்ட பின், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. 2020 ஜனவரியில் பாரோ பதவி விலகக் கோரிய போராட்டத்தின்போது கிங் எஃப்எம், ஹோம் டிஜிட்டல் எஃப்எம் என்ற இரண்டு வானொலி நிலையங்களை மூடினார்கள்.

முன்னேற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தனியார் தொலைக்காட்சிகள் வந்தன, 2021இல் தகவல் அறியும் சட்டம் வந்தது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பட்டியலில் 2017இல் 143ஆம் இடத்தில் இருந்த நாடு 2023இல் 46ஆம் இடத்துக்கு வந்து, மறு ஆண்டு 58க்கு இறங்கியது. நம் நாளிதழ்கள் எடுத்துப் போடுவது இந்த எண்ணைத்தான். எந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். செய்தி முகமைகள் அனுப்பும் கைதுச் செய்திகளில் குற்றச்சாட்டின் பெயரும் சட்டப் பிரிவும் கடைசிப் பத்தியில் இருக்கும். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பத்திதான். காம்பியாவானாலும் வேறு நாடானாலும் அதை மட்டும் வெட்டாமல் போடுங்கள். அதிபரின் பெயரைச் சுருக்கினாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை