பெயர்ப்பலகையில் இல்லாதவர்களுக்கு நன்றி

பாரிஸின் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி புத்தகக் கடையைத் தாங்கி நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

அந்தக் கடையைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஜாய்ஸ், ஹெமிங்வே என்று எழுத்தாளர்கள் பக்கம்தான் போகும். பணம் கொடுத்தவர்கள், பணத்துக்குப் பொறுத்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள் பெயர் வருவதில்லை. இந்த மடல் அவர்களுக்கு.

கடையைத் தொடங்கி நடத்திய சில்வியா பீச்சின் தாயாருக்கு முதல் நன்றி. 1919 நவம்பரில் கடை திறந்தது அந்த அம்மாவின் சேமிப்பில்தான். அதே பகுதியில் 1915 முதல் பிரெஞ்சுப் புத்தகக் கடை நடத்திய ஆத்ரியான் மோனியே, தொழிலைக் கற்றுக்கொடுத்து உடன் நின்றார். பவுண்டிலும் டாலரிலும் விலை போட்ட புத்தகம் பிராங்கில் எட்டாத விலை. விற்பனையை மட்டும் நம்பினால் கடை நிற்காது. அதனால் வாடகை நூலகமே அதன் முதுகெலும்பு ஆனது. சந்தாவோடு ஒரு முன்பணம், ஒரு தடவைக்கு ஓரிரு புத்தகம், இரண்டு வாரத் தவணை. விலகும்போது முன்பணம் திரும்பக் கிடைக்கும். அந்தச் சந்தாதாரர்களுக்கும் நன்றி.

தீஜோன் நகரத்து அச்சகத்தார் மொரீஸ் தரான்தியேருக்கும் அவருடைய அச்சுக்கோப்பாளர்களுக்கும் எவ்வளவு சொன்னாலும் போதாது. பீச் வெளியிட்ட ஜாய்ஸின் நாவல் 'யூலிசிஸ்' 1000 பிரதிகள்: கையொப்பமிட்ட 100 பிரதிகள் 350 பிராங்க், 150 பிரதிகள் 250, மீதி 750 பிரதிகள் 150. முன்பதிவு செய்தவர்களின் பணம் வந்த பிறகு அச்சுச் செலவைக் கொடுத்தால் போதும் என்றார் தரான்தியேர். ஆங்கிலம் தெரியாத கைகள் எழுத்தெழுத்தாகக் கோத்தன. ஜாய்ஸோ பிழைதிருத்த வந்த ப்ரூஃப் தாளிலேயே நாவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்து எழுதினார். ஒரு வரி நுழைந்தால் அடுத்த வரிகளைப் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். செலவும் ஏறும், புதுப் பிழையும் புகும். முதல் பதிப்பில் பிழைகள் மலிந்ததற்கு அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. 1922 பிப்ரவரி 2 காலை, முதல் இரண்டு பிரதிகளைத் தீஜோன் ரயிலில் கொண்டுவந்து பீச்சின் கையில் கொடுத்த ரயில் ஊழியருக்கும் நன்றி.

1936இல் கடை மூடும் நிலைக்கு வந்தபோது ஆண்டுக்கு 200 பிராங்க் கட்டி வாசிப்புக் கூட்டங்களுக்கு வந்த நண்பர்களை மறக்க முடியாது. பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த 1941இல் ஜெர்மன் அதிகாரி ஒருவர் கடையைப் பறிமுதல் செய்வதாக மிரட்டிப் போனதும், துணிக்கூடைகளில் புத்தகங்களை மாடிக்கு ஏற்றியவர்கள், அலமாரிகளைக் கழற்றிய தச்சர், பலகையில் பெயரை அழித்த பெயின்டர்: இரண்டே மணி நேரத்தில் கடை இருந்த சுவடே இல்லை. பீச்சைப் பிறகு தடுப்பு முகாமில் அடைத்தார்கள், புத்தகங்கள் அகப்படவில்லை.

சேன் ஆற்றங்கரையில் இன்று இருப்பது வேறு கடை. ஜார்ஜ் விட்மன் 1951இல் தொடங்கி, 1964இல் இந்தப் பெயரைச் சூட்டியது. அலமாரிகளுக்கு நடுவே படுத்துறங்கி, அதற்கு ஈடாகக் கடையில் சில மணி நேரம் வேலை செய்து, ஒரு பக்கத் தன்வரலாறு எழுதிவைத்துப் போன ஆயிரக்கணக்கான இளைஞர்களே, உங்களுக்கும் நன்றி. 2020இல் விற்பனை 80 சதவீதம் சரிந்தபோது வெளியூர்களிலிருந்து ஆர்டர் அனுப்பியவர்களுக்கும்.

பீச்சின் சந்தா அட்டைகளைப் பாதுகாத்து, யார் எந்தப் புத்தகத்தை எப்போது எடுத்தார் என்று எவரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாருக்கு நிறைந்த நன்றி. புகழ்பெற்றவர்களோடு, யாரும் அறியாத வாசகர்களும் அதே அகரவரிசையில் அங்கே இருக்கிறார்கள்.

அன்புடன்,
வாசகர்கள்