நிறம் மாறும் பொருள்களைச் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆராய்ச்சியாளர்களுக்கு, வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வருஷா வருஷம் லெட் அசிடேட் என்ற ஈய உப்புக் கரைசலில் நனைத்த வடிதாளைச் சோதனைக்குழாயின் வாயில் பிடித்துக் காட்டுவேன். இரும்பு சல்பைடின் மேல் அமிலம் விழுந்ததும் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். தாளின் ஓரம் முதலில் பழுப்பாகும், அப்புறம் வெள்ளிப் பளபளப்போடு கறுத்துவிடும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் பாதாளச் சாக்கடையில் ஆளைக் கொல்கிறது. போன மாதம் எங்கள் தெருவில் மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்த ஒரு தம்பியிடம், உள்ளே வாயு இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். "மோந்து பார்ப்போம் சார்" என்றார். எனக்குப் பகீரென்றது. காற்றில் 10 லட்சத்துக்கு 100 பங்கு இந்த வாயு சேர்ந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் அடங்கிவிட்டது என்று நம்பி இறங்குகிறவர் மேலே வருவதில்லை.

உங்கள் துறைச் செய்திகளை ஆசையோடு படிக்கிறேன். 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக் குழுவினர் போர்பைரின் சாயப் புள்ளிகளை வரிசையாக வைத்து, ஆவிக்கு ஆவி வேறு நிறக்கோலம் வருவதைக் காட்டினார்கள். மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் நீலத்துக்குச் சாயமே காரணமில்லை, செதிலின் நுண் அடுக்குகள்தான் காரணம். அந்த அடுக்குகளுக்குள் ஆவி புகுந்தால் திரும்பி வரும் ஒளி மாறுகிறது என்று 2007-இல் வந்த ஆய்வைப் படித்து இரவெல்லாம் அதே நினைப்பாக இருந்தேன்.

அந்த அறிவை மேன்ஹோல் வாசலுக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அங்கே ஈரம் சொட்டும், வெளிச்சம் கிடையாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும்; கசடைக் கிளறினால் குபீரென்று இன்னும் கிளம்பும். அதனால் மேலே காட்டிப் பார்த்தால் போதாது. இந்த வாயு பட்டால் நிறம் மாறுகிற, கயிற்றில் கட்டி அடிவரை இறக்கக்கூடிய பட்டை வேண்டும். நனைந்தாலும் வேலை செய்ய வேண்டும், மேலே இழுத்த பிறகும் நிறம் நிற்க வேண்டும். சிவப்பு, பச்சை வேண்டாம், சிலருக்கு அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை கறுப்பானால் யாருக்கும் புரியும். பழைய தாளில் ஈயம் இருக்கிறது, அதுவும் விஷம், அதற்கும் மாற்று தேவை.

ஒன்றை மட்டும் பட்டையின் மேலேயே தமிழில் பெரிதாக அச்சடியுங்கள்: வெள்ளையாக இருந்தாலும் இறங்கக் கூடாது. ஆக்சிஜன் குறைந்திருப்பதையோ மீத்தேனையோ அது காட்டாது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இறங்க மாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்ல அந்தத் தம்பியின் கையில் ஒரு சாட்சி வேண்டும். கறுத்த பட்டை அதற்கு உதவும்.

வடிவமைக்கும் முன் சாக்கடையில் இறங்கும் தொழிலாளர்களிடம் பேசுங்கள். எங்கள் தெருவில் விடிவதற்குள் மூடியைத் திறந்துவிடுகிறார்கள், ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுங்கள். டீக்கடை வாசலில் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்