கோலி கத்தணும் சார்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் கல்யாண் சௌபே சாருக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூர் பக்கம் கௌதமபுராவிலிருந்து எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அவர் எப்படிப் படிப்பார் என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். வங்காளம் எனக்கு வராது, இந்தியில் எழுதினால் என் பையனே சிரிப்பான், அதனால் கைக்கு வருவதில் எழுதுகிறேன். கொல்கத்தாவில் தமிழ் தெரிந்த பழைய ஆட்டக்காரர் யாராவது படித்துச் சொல்லாமலா போவார்?

எங்கள் ஏரியாவில் அம்பேத்கர், புத்தர் சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக நம்முடைய ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர். பூங்கம் கண்ணன் இங்கிருந்து கல்கத்தா போய் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடி, ஆசியாவின் பெலே என்று பெயர் வாங்கினார். பெருமைக்காக இல்லை, இந்தக் கடிதத்தை எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

நானும் கோல் கீப்பர்தான் சார், எங்கள் பேச்சில் கோலி. பெரிய லெவலில் எல்லாம் இல்லை, ஏரியா டோர்னமென்ட். இடது கை மோதிர விரல் இன்றைக்கும் நேராக நிமிராது. அதனால் 2022 செப்டம்பர் 2 அன்று கூட்டமைப்புத் தலைவர் தேர்தலில் நீங்கள் ஜெயித்த செய்தி வந்தபோது, எங்கள் கிரவுண்டில் பாதிப் பேர் முன்னாள் இந்திய கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா தோற்றாரே, அதுவும் 33-க்கு 1 என்று தோற்றாரே என்று வருத்தப்பட்டபோது, நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அதுவரை தாஸ்முன்ஷி, பிரபுல் படேல் என்று கோட்டும் குர்தாவும்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தன. நீங்களும் அரசியல்வாதிதான், தெரியும். ஆனாலும் டாட்டா ஃபுட்பால் அகாடமியில் தரையில் விழுந்து எழுந்தவர், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்கும் கோல் காத்தவர். முதல்முறையாக ஓர் ஆட்டக்காரர், அதுவும் கோலி!

வந்த நேரமும் சாதாரண நேரம் இல்லை. கோர்ட் நியமித்த குழு, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா போட்ட தடை, விளையாடப் போன கேரளாவின் கோகுலம் கிளப் பெண்கள் தாஷ்கண்டில் ஒரு மேட்ச்கூட ஆடாமல் திரும்பியது எல்லாம் அதே ஆகஸ்டில்தான். அதையெல்லாம் உங்கள் கணக்கில் யாரும் எழுத மாட்டார்கள்.

நான் எழுதுவது வேறு கணக்கு.

கோலிக்குக் கையைவிட வாய்தான் முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பத்துப் பேருக்கும் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது, அவனுக்கு மட்டும்தான் முழு மைதானமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ‘லெஃப்ட்டுல ஆளு வரான் பாரு’, ‘ஏறிப் போ’, ‘விடாத’ என்று தொண்டை கட்டும்வரை கத்த வேண்டியது அவன் வேலை. கத்தாமல் நின்றுவிட்டு அப்புறம் எவ்வளவு அழகாக டைவ் அடித்தாலும் பந்து வலைக்குள்தான்.

நம் நாட்டுப் பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லை நடத்தும் உரிமை ஒப்பந்தம் 2010-இல் போட்டது. 15 வருஷம். 2025 டிசம்பர் 8-இல் முடியும் என்பது நீங்கள் தலைவரான அன்றைக்கே எழுதி வைத்திருந்த தேதி. பந்து நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக, நேராக உங்களைப் பார்த்தே உருண்டு வந்தது சார். மூன்று வருஷம் உருண்டது. அதற்குள் 2047-க்கான தொலைநோக்குத் திட்டம் என்று ஒன்றை வெளியிட்டீர்கள், இருக்கட்டும், 2025-க்கு என்ன திட்டம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கூட்டமைப்பின் சட்டவிதி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது, தீர்ப்பு வரும்வரை புது ஒப்பந்தம் பேசாதீர்கள் என்று 2025 ஏப்ரலில் கோர்ட் சொன்னது. சரி, நியாயம். அந்த ஏப்ரலுக்கு முன்னால் இரண்டரை வருஷம் இருந்ததே?

ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் எங்கள் ஊர் பெங்களூரு எஃப்சி முதல் அணி ஆட்களுக்குச் சம்பளத்தை நிறுத்தியது. அக்டோபரில் கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றோம், ஆசியக் கோப்பைக் கதவு மூடியது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றோம், 22 வருஷத்தில் முதல்முறை. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99-ஆம் இடத்தில் இருந்த நம் அணி 142-க்குப் போனது. கடைசியில் விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-இல் பாதி லீக்காக ஏதோ தொடங்கியது. இத்தனைக்கும் நடுவில் 2025 ஜூலையில் பெண்கள் அணி தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே அடித்து ஆசியக் கோப்பைக்குப் போனது. அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அது தனிக் கடிதம்.

99-ஆம் இடத்தில் இருந்த அந்த மாதம் நான் எங்கள் ஊர் கண்டீரவா ஸ்டேடியத்தில் இருந்தேன். ஜூலை 4, சாஃப் என்கிற தெற்காசியக் கோப்பை ஃபைனல், குவைத்தோடு. பையனுக்கு அப்போது ஒன்பது வயசு, தோளில் உட்கார வைத்திருந்தேன். 1-1, பெனால்ட்டி. ஐந்து ஐந்து அடித்தும் முடியாமல் ஆறாவதுக்குப் போனது. குவைத் கேப்டன் பந்தை வைக்கிறார், ஸ்டேடியமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நம் கோலி குர்பிரீத் தன் இடது பக்கம் விழுந்து தட்டிவிட்டார். என் தோள் மேலேயே பையன் எழுந்து நின்றுவிட்டான், கழுத்து நான்கு நாள் வலித்தது. மறுநாள் காலை ‘நான் கோலி ஆவறேன்பா’ என்றான். எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த ராத்திரி சொல்லிக்கொடுத்தது.

போன வருஷம் லீக் நின்றபோது அவன் கேட்டான், ‘மேட்ச் எப்போப்பா?’ தெரியாது என்றேன். ‘யாருக்குத் தெரியும்?’ என்றான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இந்த செப்டம்பரோடு உங்கள் நான்கு வருஷம் முடிகிறது. மறுபடி நிற்பீர்களா, மாட்டீர்களா, அது உங்கள் விஷயம். அன்றைக்கு ஓட்டுப் போட்ட 34 பேரும் மாநிலச் சங்கத்துக்காரர்கள், இனி புது விதிப்படி முன்னாள் வீரர்களும் கூட உட்கார்வார்கள், அவர்கள் கேட்கட்டும். நான் கேட்பது சின்னது. போவதற்கு முன்னால் அடுத்த சீசன் எந்தத் தேதியில் தொடங்கும், யார் நடத்துவார்கள், பணம் எங்கிருந்து வரும், பதிமூன்று வயசுப் பையன்களுக்கு வருஷத்துக்கு எத்தனை மேட்ச் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெளியிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், பரவாயில்லை. சும்மா நிற்காமல் கத்துங்கள் சார்.

பெங்களூரு வந்தால் சொல்லிவிட்டு வாருங்கள். ஞாயிறு காலை ஆறரைக்கு கிரவுண்டில்தான் இருப்போம். கிளவுஸ் மட்டும் கொண்டுவந்துவிடுங்கள், எங்களிடம் இருப்பது பையன் சைஸ்.

இப்படிக்கு,
கௌதமபுராவிலிருந்து ஒரு பழைய கோலி