எங்கள் வீட்டில் டிவி விற்பதில்லை

மதிப்பிற்குரிய தொலைக்காட்சிப் பெட்டி நிறுவனத்தாருக்கும், கடைக்காரர்களுக்கும், வீட்டுக்கு வந்து மாட்டித் தரும் சர்வீஸ் பிரிவினருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மேலப்பாளையத்தில் லாத்தா (அக்கா) வீட்டில் புது டிவி மாட்டினார்கள். 43 இஞ்ச். உங்கள் ஆள் வந்தார், சுவரில் நாலு துளை போட்டார், மட்டம் பார்த்தார், ஒயரைச் சொருகினார், ரிமோட்டில் சரசரவென்று ஏழெட்டுத் தடவை ஓகே அழுத்தினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மொத்தம் இருபது நிமிஷம். அவர் பைக் தெருமுனை தாண்டுவதற்குள் நான் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். பயந்தபடியே இருந்தது. பயன்படுத்தும் இடம்: கடை.

அதனால்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டில் மாட்டுகிற டிவியை வீட்டு முறையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கடை முறை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் செய்து வைத்ததுதானே. ஷோரூமில் கண்ணைப் பறிக்கும் விளக்குகளுக்கு நடுவே டிவிகளை வரிசையாக மாட்டியிருப்பீர்கள். எது பளிச்சென்று நீலம் பாய்ந்து தெரிகிறதோ அதைத்தான் வாங்க வந்தவர் கைகாட்டுவார். ஆகவே வெளிச்சம் முழுசு, கலர் முழுசு. போகிற வருகிறவர்கள் ரிமோட்டை நோண்டிவிட்டால் கூடச் சில நிமிஷத்தில் படம் தானாகவே பழையபடி பளபளப்புக்குத் திரும்பிவிடும். கடைக்கு அது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் பத்தமடையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் வந்து டிவி வாங்கப் போகிறார்கள்? உம்மா மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 71. நாற்பது வருஷம் பாய் நெய்தவர். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி கீறி, சாயம் ஏற்றி நெய்கிற பட்டுப்பாய். சாயச் சட்டியில் கோரையை முக்கித் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, 'இது இன்னும் ஒரு கொதி கேக்கு' என்று சொல்கிற கண் அது. அந்தக் கண்ணில் புரை விழுந்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆபரேஷன் செய்தோம். நல்லபடியாக முடிந்தது. அடுத்த இரண்டு மாதத்தில், உம்மா நன்றாகப் பார்க்கட்டும் என்று புது டிவி வாங்கினோம். அங்கேதான் தொடங்கியது.

முதல் வாரமே உம்மா, 'கண்ணு கூசுதுலே' என்றார். பிரைட்னஸைக் குறைத்தேன். வெளிச்சம் குறையவில்லை. ஆட்களின் தலைமுடியும் இருட்டும் ஒன்றாகக் கலந்து கருப்புத் திட்டாகிவிட்டது. கூட்டினால் இருட்டெல்லாம் புகை மூட்டமாகிறது. எங்கள் டிவியில் பிரைட்னஸ் என்பது கருப்பு எவ்வளவு கருப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுமாம், நிஜமான வெளிச்சத்துக்குப் பேக்லைட் என்று வேறொன்று இருக்கிறதாம். இது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. (லாத்தா வீட்டு டிவியில் அதே பிரைட்னஸ் வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது. கருப்புக்கு அங்கே வேறு பெயர். இரண்டும் வேறு வேறு கம்பெனி. கடை முறையில் விட்டுப்போகிற பழக்கம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.) சரி என்று பேக்லைட்டைப் பாதியாகக் குறைத்தேன். 'ஆங், இப்ப பரவால்ல' என்றார் உம்மா. நான் சாயா குடித்துவிட்டு வருவதற்குள் படம் மறுபடி பளீரென்று நிற்கிறது.

மறுபடி குறைத்தேன், மறுபடி ஏறியது. இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினாலு மாதம். டிவிக்குள் ஷைத்தான் இருக்கிறான் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் அளவுக்குப் போனது.

அந்த வருஷ ரமலானைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மக்காவிலிருந்து தராவீஹ் என்கிற ரமலான் இரவுத் தொழுகையை நேரலையில் காட்டுவார்கள். நமக்கும் அங்கேக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பதால், நம் ஊரில் அது முடிய நடுராத்திரி தாண்டிவிடும். உம்மா வருஷம் முழுக்கக் காத்திருப்பது அந்த ஒரு மாத டிவிக்குத்தான். ஹஜ்ஜுக்குப் போகக் கொடுத்து வைக்கவில்லை, இப்படியாவது பார்க்கிறேன் என்பார். பேரப்பிள்ளைகள் கூடத்திலேயே தூங்குவதால் லைட்டை அணைத்திருப்போம். இருட்டு அறை, ஷோரூம் வெளிச்சத்தில் டிவி. ஹரம் ஷரீஃபில், அதாவது மக்காவின் பெரிய பள்ளிவாசலில், கஃபாவைச் சுற்றிய தரை முழுக்க வெள்ளைப் பளிங்கு, அதில் நிற்கிறவர்கள் உடுத்தியிருப்பதும் பெரும்பாலும் வெள்ளை. அவ்வளவு வெள்ளையும் சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி நீலம் அடித்து முகத்தில் அறைந்தது. ஒரு ராத்திரி எழுந்து பார்த்தேன். உம்மா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓதுவதைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் அந்த நீல வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கூட்டிப்போனோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சள் பூத்து நீலத்தை மறைத்துவிடும், அதை எடுத்துப் புது லென்ஸ் வைத்ததும் நீலம் தடையில்லாமல் உள்ளே வரும், அதனால் கொஞ்ச நாள் எல்லாம் நீலமாகத் தெரியும், பழகிவிடும் என்று விளக்கினார். எல்லாம் பழகியது. ரோடு பழகியது, ட்யூப்லைட் பழகியது. உங்கள் டிவி மட்டும் பழகவில்லை.

உங்கள் சர்வீஸ் ஆட்கள் இரண்டு தடவை வந்தார்கள். முதல் தடவை வாரண்டியில். 'கம்பெனி செட்டிங்கே அப்படித்தான் சார்' என்று ஒரே வார்த்தை. இரண்டாம் தடவை வாரண்டி முடிந்த பிறகு. பேனல் போயிருக்கும் என்றார், மாற்ற டிவி விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்றார், வந்து பார்த்ததற்கு வரியோடு 590 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கொடுத்தார், அதில் குறை இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தது பாளையங்கோட்டையில் படிக்கிற என் மருமகன். லாத்தா மகன், பத்தொன்பது வயசு. உள்ளே உள்ளே போய் ஒரு மூலையில் கடை, வீடு என்று இரண்டு வரி இருப்பதைக் காட்டினான். வீட்டைத் தொட்டான். அவ்வளவுதான் மாமா என்றான். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. முதல் நாள் மாட்டும்போது திரையில் ஓரமாக ஒரு விளம்பரப் பட்டை ஓடியது நினைவிருக்கிறது. அதை உங்கள் ஆள்தான் நிறுத்திவிட்டுப் போனார். பட்டையை நிறுத்தத் தெரிந்தவருக்கு, அந்தப் பட்டை ஏன் வருகிறது என்று தெரியாதா?

அப்புறம் மருமகன் உட்கார்ந்து மற்றதையும் சரி செய்தான். கலர் டெம்பரேச்சரைக் கூலிலிருந்து வார்ம் பக்கம், அதாவது நீலத்திலிருந்து மஞ்சள் பக்கம் மாற்றினான். படம் எடுக்கிறவர்களும் கலர் சரிபார்க்கிறவர்களும் வெள்ளைக்கு வைத்திருக்கும் கணக்கு 6500 கெல்வின், உங்கள் கூல் அதைத் தாண்டி நீலத்துக்கு ஓடுகிறது என்றான். ஷார்ப்னஸை அனேகமாக அடிமட்டத்துக்கே இறக்கினான். எழுத்தைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கோடு மறைந்தது. சினிமா போட்டால் எல்லாரும் வழுக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி, சீரியல் மாதிரி தெரிந்ததே, அதையும் நிறுத்தினான். சினிமா வினாடிக்கு 24 படம், நடுவில் இல்லாத படங்களை டிவியே இட்டுக்கட்டிச் சேர்க்கிறதாம். 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் பாடே அப்படி என்றால் பத்தமடைக்காரன் எம்மாத்திரம். அணைக்கலாம் என்று தேடினால் ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறீர்கள்.

முதல் நாள் உம்மா, 'என்னலே மஞ்சளா மங்கலா இருக்கு' என்றார். இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். மூன்றாம் நாள் ஒரு பெண் கட்டியிருந்த சேலையைக் காட்டி, 'இது அரக்கு. இதே சேலைய அன்னிக்கும் கட்டிருந்தா, ரோஸுன்னுல்லா நெனச்சேன்' என்றார். நாற்காலி இப்போது டிவியைப் பார்த்துத்தான் இருக்கிறது.

நாங்கள் டிவிக்குப் புதியவர்கள் இல்லை. இலங்கை டிவியான ரூபவாஹினி எடுப்பதற்காக மொட்டை மாடியில் ஏறி நின்று ஏரியலைத் திருப்பிய வட்டாரம் இது. கீழே இருந்து ஒருத்தர் 'வருது வருது, போச்சு' என்று கத்துவார். படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆனால் அந்தப் பெட்டியின் முன்னால் இரண்டு திருகு இருக்கும். இடப்பக்கம் திருகினால் குறையும், வலப்பக்கம் திருகினால் கூடும், திருகின இடத்தில் நிற்கும். இன்றைக்கு 1920க்கு 1080, இருபது லட்சத்துக்கு மேல் புள்ளி என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கிறீர்கள். அதில் கேபிள் பாக்ஸிலிருந்து சாதா சேனலை இழுத்து விரித்து, செய்தி வாசிக்கிறவருக்கு அம்மை போட்ட மாதிரி கன்னம் வீங்கித் தெரிகிறது, அடியில் ஓடும் செய்தி வரி ஓரத்தில் வெட்டுப்படுகிறது. அதை வந்தவரிடம் கேட்டால் அது கேபிள்காரர் வேலை என்கிறார். கேபிள்காரர் அது டிவி என்கிறார். கையேட்டில் எத்தனையோ மொழி இருக்கிறது, தமிழைத் தேடினால் இல்லை. உங்கள் உதவி எண்ணில் தமிழுக்கு மூன்றை அழுத்தினால், பாட்டுப் போட்டுவிட்டு இந்தியில் ஆள் வருகிறார். வாஷிங் மெஷினுக்கும் இதே கதைதான், அதை எடுத்தால் இந்த மடல் முடியாது.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. 2019இல் நீங்களும் சினிமாக்காரர்களும் சேர்ந்துதானே ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்று கொண்டுவந்தீர்கள். படத்தை எடுத்தவர் எடுத்தபடியே காட்ட ஒரே பட்டன் போதும் என்று உங்களுக்கே தெரிகிறது. எங்களுக்கு அவ்வளவு கூட வேண்டாம். மாட்ட வருகிற தம்பி கையெழுத்து வாங்குகிற தாளில் ஒரு வரி சேருங்கள்: வீட்டு முறையில் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு டிக். முடிந்தால் பிரைட்னஸ், பேக்லைட், வார்ம், ஷார்ப்னஸ் என்ன செய்யும் என்று தமிழில் அரைப் பக்கம். வீட்டில் வயதானவர் உண்டா, ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் பார்ப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டுமோ, யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

லாத்தா வீட்டு டிவியை நானே மாற்றிவிட்டேன். அடுத்த மாதம் வீரவநல்லூரில் என் சம்பந்தி வீட்டுக்கு ஒன்று வருகிறது. அன்றைக்கு நான் திருச்சியில் இருப்பேன். தயவுசெய்து வருகிற தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பத்தமடையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்