அந்த மேட்டுக்கும் நம்ம பிள்ளைக்கும் சம்பந்தமில்லை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் மகன் பேச்சை நிறுத்திவிட்டதைப் பற்றி நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பெரியத்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். "வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த மேட்டில் அவனை விளையாட விட்டதாலயாம்மா இப்படி ஆயிட்டான்?" என்று கேட்டாய். இல்லை கண்ணு. அந்த மேட்டால் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

அந்த மேடு ஃபேரிகள் என்ற மாயக்கூட்டத்தின் இடம் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதை நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டது நல்லது. அவர் தன் பாட்டியிடம் கேட்டதைத்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறார். அயர்லாந்தில் ரிங்ஃபோர்ட் என்று சொல்லும் இந்த வட்ட மண்மேடுகள் 40,000-க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டியவை. சுற்றி மண்ணை அணைத்து, உள்ளே வீடு கட்டி, ராத்திரியில் மாட்டைத் திருடன் ஓட்டிப் போகாமல் அடைத்து வைத்து வாழ்ந்த குடியானவர்களின் இடம். அவர்கள் போய்ப் பல நூறு வருஷம் ஆன பிறகு, அங்கே யார் இருந்தார்கள் என்பது மறந்துபோய், ஃபேரிகள் இருக்கிறார்கள் என்ற பேச்சு வந்துவிட்டது. அந்த ஊர் ஃபேரிகள் நம் பேரப்பிள்ளைகள் கார்ட்டூனில் பார்க்கிற இறக்கை வைத்த குட்டிகள் இல்லை. மண்ணுக்குள் குடும்பம் நடத்தி, மாடு மேய்த்து, கல்யாணம் செய்து, தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் கூட்டம். கோபம் வந்துவிடும் என்று பயந்து பெயரைச் சொல்லாமல் "நல்லவர்கள்" என்றே குறிப்பிடுவார்கள். நம் ஊரில் ராத்திரியில் பாம்பின் பெயரைச் சொல்லாத மாதிரிதான்.

நீ எனிஸ்ஸிலிருந்து லிமெரிக் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போகும் வழியில் லட்டூன் என்ற இடத்தில் சாலையோரம் ஒரு முள்மரம் நிற்கும், கவனித்துப் பார். 1999-இல் நெடுஞ்சாலை போட அதை வெட்டப் பார்த்தார்கள். எடி லெனிஹன் என்ற கதைசொல்லி, அது ஃபேரிகள் கூடும் மரம், வெட்டினால் அந்தச் சாலையில் விபத்து நடக்கும் என்று பத்திரிகைக்கு எழுதினார். கடைசியில் மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள். பிறகு யாரோ கிளைகளை வெட்டிப் போட்டும் அது மறுபடி தழைத்துவிட்டது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எத்தனையோ பழைய மேடுகளை டிராக்டர் வைத்துச் சமன் செய்திருப்பார்கள். நம் கோயில்காடுகள் மிஞ்சியதும் அப்படித்தானே. ஆகவே அந்த மேட்டில் கிளை ஒடிக்காதே, கல்லைப் பெயர்க்காதே என்று அந்த அம்மா சொன்னால் கேட்டுக்கொள். அவர் ஊர், அவர் முன்னோர் வைத்த மரியாதை.

ஆனால் அவர் பேச்சில் வந்த இன்னொன்று இருக்கிறது பார், நல்ல பிள்ளையை எடுத்துக்கொண்டு தங்கள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போவார்கள் என்பது. அதைத்தான் நீ மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வயசில் "மா", "காக்கா" என்று சொன்னவன் இப்போது வாயே திறப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, டப்பா மூடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். "இது நம்ம பிள்ளைதானா என்று தோணுதும்மா" என்று அழுதாய். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள், ஏறக்குறைய 50,000 பேர், தாத்தா பாட்டியிடம் கேட்ட கதைகளை நோட்டில் எழுதினார்கள். எல்லாம் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். பிள்ளையை மாற்றிவிடும் கதைகள் ஐரோப்பா முழுக்க இருக்கின்றன, எல்லாவற்றிலும் வருவது ஒரே மாதிரிப் பிள்ளை. நன்றாக இருந்தது, திடீரென்று மாறிவிட்டது. பேசாது, நடக்காது, ஓயாமல் அழும், எவ்வளவு தின்றாலும் தேறாது. இவற்றை ஆராய்ந்தவர்களில் பலர், அவை வளர்ச்சிக் குறைபாட்டோடும் நோயோடும் இருந்த உண்மைப் பிள்ளைகள் என்றே எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. டாக்டர் இல்லாத காலத்தில் ஒரு தாய்க்கு இதைச் சொல்லிக்கொள்ள வேறு வழி கிடைக்கவில்லை.

காப்பதற்கு அவர்கள் செய்ததெல்லாம் நாம் செய்ததுதான். தொட்டிலின் குறுக்கே இரும்புக் குறடு வைத்தார்கள், ஸ்வீடன் பக்கம் கத்தரிக்கோல். நீ பிறந்தபோது உன் ஆச்சி என் தலைமாட்டில் அரிவாளும் வேப்பிலையும் வைத்திருந்தாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஆண்பிள்ளைகளுக்குப் பாவாடை கட்டி வளர்த்தார்கள், பெண் என்று நினைத்து விட்டுவிடட்டும் என்று. நம் பக்கம் பிறந்த பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்கு விற்று வாங்கி, பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பார்கள். இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிள்ளை மேல் உள்ள பயம், அவ்வளவுதான். பெரியத்தை மந்திரித்த கயிறு அனுப்பினால் கட்டிவிடு, அவர்கள் மனசும் ஆறட்டும்.

காப்பதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். "இது நம் பிள்ளை இல்லை" என்று முடிவு கட்டிவிட்டால், அடுத்து அதை விரட்ட வேண்டும். ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் சாறு, அது விஷம், கொடுத்தார்கள். சூடான மண்வெட்டியில் உட்கார வைத்தார்கள். ராத்திரி குப்பைமேட்டில் போட்டார்கள். 1826-இல் நீ இருக்கிற இடத்துக்குத் தெற்கே கெர்ரியில், நிற்கவும் பேசவும் முடியாத நாலு வயசுப் பையனை ஃபிளெஸ்க் ஆற்றில் மூன்று நாள் காலையில் முக்கி எடுத்தார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் அதிக நேரம் முக்கினார்கள், செத்துப்போனான். கொல்ல நினைக்கவில்லை, அவனுக்குள் இருக்கும் ஃபேரியை வெளியேற்றத்தான் செய்தேன் என்றாள் முக்கிய கிழவி, ஆன் ரோச் என்பவள். டிராலி கோர்ட்டில் அவளை விடுதலை செய்துவிட்டார்கள். 1895-இல் டிப்பரரியில் பிரிஜட் கிளியரி என்ற 26 வயசுப் பெண், தையல்காரி, காய்ச்சலில் படுத்தாள். புருஷன், அப்பா, சொந்தக்காரர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டு "நீ பிரிஜட்தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவள் ஆமாம் என்றாள். அது போதவில்லை. புருஷன் அவளை எரித்துவிட்டான். அதற்குப் பிறகும் அந்தப் புருஷன், நிஜமான பிரிஜட் வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று மேட்டுப் பக்கம் காத்துக் கிடந்தான்.

அது அந்த ஊர்க்காரர்களின் மூடத்தனம் என்று நினைத்துவிடாதே. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. பேய் ஓடிவிடும் என்று நம்பி தர்காவில் கொண்டுபோய் விட்டு, சங்கிலியில் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள். கொட்டகையில் தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அப்போது நீ சின்னப்பெண், உனக்கு நினைவிருக்காது.

வடக்கு ஐரோப்பாவில் ஒரு கதை உண்டு. தொட்டிலில் கிடப்பது மாற்றுப்பிள்ளை என்று நினைத்து ஒருத்தி அதை அடிக்கிறாள். உடனே காட்டிலிருந்து அதன் தாய் ஓடி வருகிறாள், "உன் பிள்ளையை நான் ஒருநாளும் இப்படி நடத்தியதில்லையே" என்று சொல்லி அவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். கதையில் இவளுக்குத்தான் வெற்றி. ஆனால் எனக்கு அந்தக் காட்டுக்காரியைத்தான் பிடிக்கும். பிள்ளை எப்படி இருந்தாலும் தன்னுடையது என்று வந்து நின்றாளே.

அவன் நம்ம பிள்ளைதான். மூடியைச் சுற்றுகிறவனும் அவன்தான், "காக்கா" சொன்னவனும் அவன்தான். அவன் எதிரில் வைத்து "மாறிட்டான்" என்று யாரும் பேச விடாதே, அது பெரியத்தையாக இருந்தாலும், நானாக இருந்தாலும். பேசவில்லையே தவிர, காதில் விழவில்லை என்று யார் சொன்னது?

அதுவும் முதலில் பார்க்க வேண்டியது. காது கேட்கும் பரிசோதனை செய்யச் சொல். உங்கள் பகுதி பப்ளிக் ஹெல்த் நர்ஸிடம் எல்லாவற்றையும் விடாமல் சொல்லு, பேச்சு நின்றது எந்த மாசம் என்பது உட்பட. நீயே நர்ஸ் என்பதால் "எனக்குத் தெரியும்" என்று இருந்துவிடாதே. இதில் நீ அம்மா மட்டும்தான். மதிப்பீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம் என்றாய், அதனால் இந்த வாரமே பெயரைப் பதிந்துவிடு. அதுவரை அவனோடு நிறையப் பேசு, தமிழிலேயே பேசு, பாடு. பதில் வராவிட்டாலும் பேசு. மாப்பிள்ளையிடமும் சொல்லு, நீ என்னிடம் அழுத அளவு அவர் யாரிடமும் அழுதிருக்க மாட்டார்.

என் விசாவுக்கு உன் வேலைக் கடிதமும் வீட்டு வாடகைப் பத்திரமும் வேண்டும் என்று ஏஜென்ட் சொல்கிறார், ஸ்கேன் செய்து அனுப்பு. கிடைத்ததும் டிக்கெட் போடச் சொல்கிறேன். வந்தால் விசா விடுகிற வரைக்கும் அவனோடு இருக்கப் பார்க்கிறேன். அப்பாவைச் சித்தி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை