வாளி மாற்றியதைப் பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணவன் மனைவி சண்டை பற்றி உங்கள் ஞாயிறு பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். விட்டுக்கொடுங்கள், பொறுத்துப்போங்கள் என்றே முழுக்க இருந்தது. சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் வீட்டில் நாலு பிரச்சினை ஒரே சமயத்தில் வந்து நிற்கும்போது பொறுமைக்கும் முன்னால் காணாமல் போவது ஒன்று இருக்கிறது, ஒருவர் செய்வதை மற்றவர் கவனித்து வாய்விட்டுச் சொல்வது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வீட்டில் படுத்த படுக்கையானார். அதே வாரம் மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள் எங்கோ விரிசல் விட்டு, கீழே எங்கள் படுக்கையறையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. பிளம்பர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார். அந்த நாட்களில் நானும் என் மனைவியும் பேசிக்கொண்டதெல்லாம் மாத்திரை கொடுத்தாச்சா, பிளம்பருக்குப் போன் போட்டீங்களா, ஏன் போடல, இவ்வளவுதான். எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. போன் செய்தது நான், வாளி வைத்தது நான், மருந்துக் கடைக்கு ஓடியது நான்.

ஒரு நாள் இரவு பெரிய வாக்குவாதம். நடுவில் அவள் சட்டென்று நிறுத்திவிட்டு, "ராத்திரி மூணு மணிக்கு எழுந்து வாளிய மாத்தி வெச்சீங்களே, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், பார்த்தேன்" என்றாள். அவ்வளவுதான். அடுத்துச் சொல்ல நாக்கு நுனியில் வைத்திருந்த பதிலை விழுங்கிவிட்டேன்.

திரும்ப அவளுக்கு ஏதாவது சொல்லலாம் என்று தேடினால் என் கணக்கில் அவள் பக்கம் காலியாக இருந்தது. அவள் செய்யாமல் இல்லை, நான் குறித்து வைக்கவில்லை. படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து போய்த் தன் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தாளே, அதனால்தானே மூன்று மணிக்கு விழித்திருந்தாள்! அவள் அம்மாதானே என்ற நினைப்பில் அதை ஒரு வேலையாகவே நான் எண்ணவில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

இது என் ஒருவனுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில் 37 தம்பதிகளிடம், 20 வீட்டுக் காரியங்களைச் சொல்லி ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். இருவரும் சொன்னதைக் கூட்டினால் பெரும்பாலான வீடுகளில் முழுசைத் தாண்டிப் போயிருக்கிறது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, தான் செய்தது சுலபமாக ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். சண்டைக்குக் காரணமாவது போன்ற கெட்ட விஷயங்களிலும் இப்படியே வந்ததாம் (எங்கள் வீட்டுக்கு அது மட்டும் பொருந்தாது). 2015இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் திருமணமான 468 பேரிடம் விசாரித்ததில், பணக்கஷ்டமும் அதனால் வரும் சண்டையும் இருந்தாலும், துணை தன்னை மதிக்கிறார், செய்வதைக் கவனிக்கிறார் என்று உணர்ந்தவர்களுக்கு விவாகரத்து எண்ணம் அவ்வளவாகத் தலைதூக்கவில்லை என்று தெரிந்திருக்கிறது. ஒரு விசாரணையை வைத்து எல்லாம் முடிவு செய்துவிட முடியாதுதான், ஆனால் எனக்கு இது நம்பும்படியாக இருக்கிறது.

வீட்டுக்குள்ளே என்ன நன்றி, அந்நியர் மாதிரி என்று கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். நன்றி என்ற சொல்லே வேண்டாம், பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும். "நீ இல்லேன்னா இந்த வீடே இல்ல" என்று வருஷத்துக்கு ஒரு முறை வசனம் பேசுவதால் பிரயோஜனமில்லை. பிரச்சினை எல்லாம் தீரட்டும், நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் அடுத்த பிரச்சினை வந்துவிடும். முக்கியமாக "ஆனா" போடக் கூடாது. "அம்மாவ நல்லா பார்த்துக்கற, ஆனா கரண்ட் பில் கட்ட மறந்துட்டியே" என்றால் காதில் விழுவது பில் மட்டும்தான்.

இன்னொரு வகை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "உன்ன மாதிரி எனக்கு வராதும்மா, நீயே பண்ணிடு" என்பது. இது பாராட்டு இல்லை, நழுவுவது. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பல வருஷம் நான் சொன்னது. இப்போது இரவில் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க நானும் எழுந்திருக்கிறேன். முதல் தடவை தப்பாகப் பிடித்து அவரிடமே திட்டு வாங்கினேன்.

குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. கூரையில் கறை மட்டும் இருக்கிறது, பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிட வேண்டியது யார் என்று நேற்று மறுபடி சண்டை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்