மலைக்குக் கீழே கோவேறு கழுதைகள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த நிலக்காட்சி ஓவியக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் கதையை 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் தொடங்கியிருக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. அதற்கு அறுநூறு வருடம் முன்பே சீனாவில் மலையும் நீரும்தான் ஓவியத்தின் கதாநாயகர்கள். வடக்கு சோங் அரச வம்சக் காலத்து ஓவியர் ஃபான் குவான் ஏறக்குறைய கி.பி. 1000இல் வரைந்த பட்டுத்துணி ஓவியம் இன்றும் தைபேய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 2 மீட்டருக்கு மேல். முக்கால்வாசி இடத்தை ஒற்றை மலையே அடைத்துக்கொள்ளும். கீழே வலது மூலையில் கோவேறு கழுதைகளை ஓட்டிவரும் வணிகர்கள், தேடினால்தான் தெரிவார்கள். அங்கே இலைகளுக்கு நடுவே ஓவியர் ஒளித்து வைத்த கையெழுத்தை 1958இல்தான் கண்டுபிடித்தார்கள்!

ஐரோப்பாவில் நிலைமை வேறு. 1667இல்கூட பிரெஞ்சு ஓவிய, சிற்ப அகாதெமியில் புராண, வரலாற்றுக் காட்சிகளுக்கே முதல் மரியாதை. நிலக்காட்சிக்குக் கீழ்வரிசைதான். 1841இல் தகரக் குழாயில் அடைத்த வண்ணம் வந்தது. அப்புறம்தான் வெட்டவெளியில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணம் தீட்டுவது சுலபமானது. கட்டுரையில் இதற்கும் ஒரு வரி இல்லை.

சரி, அடுத்த முறை படங்களையாவது தபால்தலை அளவுக்குச் சுருக்காமல் அரைப் பக்கத்துக்குப் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்